நம்பத்தக்க புகைக்குழாய் எது?



ஒரே வகையான பொருள்கள் பல நம்மிடம் இருப்பினும், அவற்றுள் ஒன்றையே மிக நம்பி எடுத்தாளுவது மாந்தர் இயல்பு. எழுதுவோனுக்கு ஒரு பேனா. தச்சனுக்கு ஓர் உளி. புகைபிடிப்போரும் இவ்வியல்புக்கு விலக்கானவர் அல்லர். சுங்கான் என்று நாம் சொல்லும் புகைக்குழாய்களைப் பத்தும் இருபதுமாகச் சேர்த்து வைத்து, அவற்றுள் ஒன்றை மட்டும் என்னைக் கைவிடாத குழாய் என்று போற்றுவோர் மேலைநாடுகளில் பலர். நம்பத்தக்க குழாய் எது என்னும் இச்சிறு வினாவுக்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு மொகலாயப் பேரரசரின் அவையைக் கடந்து, நம் தாம்பரத்து மருத்துவமனையின் வாயிலில் வந்து நிற்கின்றது. அதனை இன்று சுருக்கமாகக் காண்போம்.

புகையிலை நம் நாட்டுப் பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்துப் பழங்குடி மக்களின் வழக்கம் அது. 1492-இல் கொலம்பசுடன் சென்றோர் அதனைக் கண்டனர். பின்னர்ப் போர்ச்சுகீசியரின் கப்பல்கள் வழியாக அது இந்தியாவின் மேலைக்கரைக்கு வந்து, தக்காணத்தில் பரவியது. அக்பரின் தூதராகப் பிசப்பூருக்குச் சென்ற அசத் பேக் என்பார் அங்கே அதனைக் கண்டு வியந்தார். பேரரசருக்குக் காணிக்கையாக ஒரு குழாயை அவர் ஆய்ந்து தேர்ந்த வகையைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். குழாயின் தண்டு சுமத்திராவிலுள்ள அச்சின் நாட்டது. மூன்று முழ நீளம். இரு முனைகளிலும் மணிகள் இழைத்தது. வாயில் வைக்கும் பகுதி ஏமன் நாட்டுச் சூதுபவளம். நெருப்பிடும் கலமோ பொன்.

1605-இல் அக்பர் மறைவதற்குச் சிறிது முன்னர் இக்குழாய் அவையில் வைக்கப்பெற்றது. தூதரின் மனம் மகிழ அரசர் இரண்டு மூன்று முறை புகையை இழுத்தார். உடனே அரண்மனை மருத்துவர் குறுக்கிட்டார். இது சோதித்துப் பாராத பொருள். எம் மருத்துவ நூல்களில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே அரசர் இதனைத் தொடலாகாது என்பது அவருடைய வாதம். அசத் பேக் விடவில்லை. உலகத்தில் இன்று பழையதாக உள்ள ஒவ்வொரு வழக்கமும் ஒரு காலத்தில் புதியதே. நூலில் இல்லை என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிடல் தகுமோ என்று அவர் வினவினார். பேரரசர் அவ்வாதத்தைப் பாராட்டினார்; ஆயினும் தாம் அப்பழக்கத்தை மேற்கொள்ளவில்லை. பிரபுக்களோ போட்டியிட்டுக் கேட்டனர்; வணிகர் விற்கத் தொடங்கினர்; பழக்கம் விரைந்து பரவிற்று. 1617-இல் சகாங்கீர் விதித்த தடையும் அதனை நிறுத்தவில்லை. இங்கிலாந்திலும் 1604-இல் முதலாம் சேம்சு மன்னர் புகையிலையைக் கண்டித்து ஒரு நூலே எழுதினார். அதற்கும் பயன் விளையவில்லை.

அந்த அவையில் எழுந்த இரு குரல்களையும் நினைவிற் கொள்ளுங்கள். புதியது என்பதனால் தள்ளாதே என்றது ஒரு குரல். சோதிக்காமல் கொள்ளாதே என்றது மற்றொன்று. இரண்டும் அறிவுடைய குரல்களே. ஆயினும் சோதனையை மேற்கொள்வார் அன்று ஒருவரும் இலர். புகைப்போர் சோதித்தவை எல்லாம் குழாயைத்தான்.

ஐரோப்பியர் முதலில் களிமண் குழாயைச் சுட்டுச் செய்தனர். அது மலிவு, ஆனால் கையைச் சுடும், கீழே விழுந்தால் உடையும். சூடு தணியத் தண்டை நீட்டினர். தண்டு நீள நீள அதன் உள்துளை குறுகியது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அங்குலத்தின் 64 கூறுகளில் 9 கூறாக இருந்த துளை, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 4 கூறளவுக்குச் சுருங்கிற்று. உடைந்து எறியப்பட்ட தண்டுகளின் துளையை அளந்தே ஒரு குடியிருப்பின் காலத்தை மதிப்பிடலாம் என்று 1954-இல் ஆரிங்டன் என்னும் அமெரிக்கத் தொல்பொருள் அறிஞர் காட்டினார். புகைத்தவனுக்கு நம்பகமற்றதாய் இருந்த குழாய் வரலாற்று மாணவனுக்கு நம்பகமான சான்றாயிற்று!

நம் நாட்டினர் சூட்டைத் தணிக்க வேறு வழி கண்டனர். புகையை நீரின் ஊடே செலுத்தும் உக்கா அவ்வழியில் எழுந்தது. தொடக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையே அதன் நீர்க்கலமாய் இருந்தது. மேலை ஆசியாவில் வழங்கும் நார்கிலே என்னும் பெயரும் தேங்காயைக் குறிக்கும் நாரிகேளம் என்னும் சொல்லின் வழிவந்ததே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சு நாட்டினர், மத்தியதரைக் கடற்கரையில் வளரும் பிரையர் என்னும் புதரின் வேர்க்கட்டையைக் கடைந்து குழாய் செய்தனர். அது எளிதில் தீப்பற்றாது; உடையாது. ஆயினும் ஒருமுறை புகைத்தபின் ஈரம் உலர அதற்கு ஓய்வு வேண்டும். ஆகவே ஒருவரே பல குழாய்களை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாயினர். குழாய்த் தொகுதிகளும், அவற்றுள் சிறந்தது எது என்னும் வினாவும் பெருகியதற்கு இஃது ஒரு காரணமாகும்.

தமிழ்நாட்டிலோ குழாயே வேண்டாத முறை வேரூன்றியது. இலையைச் சுருட்டினால் அதுவே குழாய். எரிந்து தீர்ந்தபின் துடைப்பதற்கும் காப்பதற்கும் ஒன்றுமில்லை. திண்டுக்கல்லும் திருச்சி உறையூரும் இத்தொழிலால் பெயர் பெற்றன. சுருட்டு என்னும் நம் சொல்லே ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று. 1887-இல் வெளிவந்த முதல் செர்லாக் ஓம்சு கதையில் திருச்சிச் சுருட்டின் சாம்பல் குற்றவாளியைத் தேடத் துப்பாகின்றது. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூது விடுத்துப் பாடிய நூலும் தமிழில் உண்டு.

இங்ஙனம் கையைச் சுடுமா, உடையுமா, அடைக்குமா, நாவுக்கு இனிக்குமா என்று குழாயை மக்கள் நூற்றாண்டுகளாகச் சோதித்தனர். உடலுக்கு என்ன செய்யும் என்னும் வினாவோ நெடுநாள் பின்தங்கியே கிடந்தது. குழாய் புகைப்போரிடையே உதட்டுப் புற்றுநோய் மிகுதி என்று 1795-இல் செருமானிய அறிஞர் சோமரிங் குறித்தார். 1950-இல் டால், ஹில் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் நுரையீரல் புற்றுக்கும் புகைத்தலுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டுக் காட்டினர். 1964-இல் வெளிவந்த அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை, சுங்கான் உதட்டுப் புற்றுக்குக் காரணமாதல் உறுதி எனக் கூறிற்று. உக்காவின் நீரும் புகையைக் குளிர்விக்குமேயன்றி அதன் நஞ்சை நீக்காது என்பது இன்று தெளிவு. அரண்மனை மருத்துவர் வேண்டிய சோதனை நடந்தேற ஏறக்குறைய 350 ஆண்டுகள் சென்றன.

இனி நம் ஊருக்கு வருவோம். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே சானடோரியம் என்றொரு ரயில் நிலையம் இருப்பதை அறிவீர்கள். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளர்க்கென இங்கு அமைத்த மருத்துவ விடுதியே அப்பெயருக்குக் காரணம். கணித மேதை இராமானுசன் இங்கிலாந்தில் நோயுற்றபோது அங்கிருந்த இவருடைய விடுதியிலும் சிலகாலம் தங்கினார். தூய காற்று, நல்லுணவு, ஓய்வு ஆகியவையே அன்று மருந்து. பின்னர் அரசு ஏற்று நடத்திய அவ்விடுதியே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

காசநோயைத் தருவது கிருமியே, புகையன்று. ஆயினும் கிருமியை எதிர்க்கும் நுரையீரலின் ஆற்றலைப் புகை குலைத்துவிடுகின்றது. இதன் அளவை உலகுக்குக் காட்டியது நம் தமிழ்நாட்டு ஆய்வே. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்து ஊர்ப்புறங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் வாழ்க்கைப் பழக்கங்களை, உயிருடன் இருந்த 35,000 ஆண்களின் பழக்கங்களோடு ஒப்பிட்டு, டாக்டர் கஜலட்சுமியும் அவர்தம் குழுவினரும் 2003-இல் முடிவை வெளியிட்டனர். காசநோயால் இறத்தல் புகைப்போரிடையே ஏறக்குறைய நான்கு மடங்கு மிகுதி என்றும், இந்திய ஆண்களின் காசநோய் இறப்புகளில் பாதியளவுக்குப் புகையே காரணமாகலாம் என்றும் அவர்கள் கண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் புகைத்தவை பீடியும் சிகரெட்டுமே. பொன்னால் ஆயினும் தாளால் ஆயினும் நுரையீரலுக்குச் செல்லும் புகை ஒன்றே அன்றோ? அதே 2003-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கும் கல்விநிலையங்களைச் சுற்றி நூறு கசத் தொலைவுக்குள்ளும் புகையிலை விற்பதைத் தடுத்தது.

மாணவர்களே! நம்பத்தக்க குழாய் எது என்னும் வினாவுக்கு விடை இப்போது உங்களுக்கே விளங்கும். நீண்ட நாள் பழகியதும், கைக்கு இதமானதும், பலர் புகழ்ந்ததும் ஒரு பொருளை நம்புதற்குப் போதிய காரணங்கள் ஆகா. புதியதைக் கேட்டவுடன் தள்ளாதீர்கள். சோதனையில் தேறாமல் நம்பியும் விடாதீர்கள். அக்பரின் அவையில் பிரிந்து நின்ற அவ்விரு குரல்களும் ஒருவர் உள்ளத்திலேயே ஒன்றி நிற்குமாயின், அதுவே கல்வியின் பயன்.