கெஸ்டால்ட் உளச்சிகிச்சை

கெஸ்டால்ட் உளச்சிகிச்சை என்பது, ஒருவர் இக்கணத்தில் எதை உணர்கிறார், என்ன செய்கிறார், எதைத் தவிர்க்கிறார் என்பதை அவரே கண்டுகொள்ளச் செய்வதன் வழியாக உளத்துன்பத்தை அணுகும் ஒரு சிகிச்சை முறை ஆகும். இது மனிதநேய உளவியல் மரபைச் சேர்ந்தது. பிரெடரிக் (ஃபிரிட்ஸ்) பேர்ள்ஸ், அவர் மனைவி லோரா பேர்ள்ஸ், எழுத்தாளர் பால் குட்மன் ஆகியோர் 1940களிலும் 1950களிலும் இம்முறையை உருவாக்கினர். "ஏன் இப்படி ஆனேன்?" என்ற வினாவை விட "இப்பொழுது இதை எப்படிச் செய்துகொண்டிருக்கிறேன்?" என்ற வினாவுக்கே இம்முறை முதலிடம் தருகிறது.

பெயர்

கெஸ்டால்ட் என்பது ஒரு ஜெர்மன் (இடாய்ச்சு) சொல். உருவம், வடிவம், ஒழுங்கமைந்த முழுமை எனப் பலவாறு பொருள்படும். ஒரு இராகத்தை வேறு சுருதியில் பாடினாலும் அதே இராகம் என நாம் அறிந்துகொள்கிறோம். ஒலிகள் யாவும் மாறிவிட்டன, ஆயினும் அவற்றுக்கு இடையிலான உறவு மாறவில்லை. இவ்வாறு பகுதிகளின் கூட்டலாக விளக்க இயலாத முழுமையையே இச்சொல் குறிக்கிறது. இதற்கு ஒற்றைத் தமிழ்ச்சொல் இடுவது கடினம் என்பதால் இக்கட்டுரையில் மூலச்சொல்லே ஆளப்படுகிறது.

மாக்ஸ் வெர்தைமர், வுல்ஃப்காங் கோலர், குர்ட் கோஃப்கா ஆகியோர் 1910களில் ஜெர்மனியில் வளர்த்த கெஸ்டால்ட் உளவியல் வேறு, இங்கு கூறப்படும் உளச்சிகிச்சை வேறு. முன்னையது முதன்மையாகப் புலன்காட்சியையும் சிந்தனையையும் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்த துறை. மாணவர்கள் இவ்விரண்டையும் அடிக்கடி குழப்பிக்கொள்வதுண்டு.

வரலாறு

ஃபிரிட்ஸ் பேர்ள்ஸ் 1893ஆம் ஆண்டு பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிகளில் பணியாற்றினார். பின்னர் மருத்துவப் பட்டமும் உளப்பகுப்பாய்வுப் பயிற்சியும் பெற்றார். 1926இல் பிராங்க்ஃபுர்ட் நகரில், மூளையில் காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சையளித்து வந்த குர்ட் கோல்ட்ஸ்டைனிடம் உதவியாளராகச் சேர்ந்தார். மூளையின் ஒரு பகுதி சிதைந்தால் ஒரு செயல் மட்டும் குறைவதில்லை, உயிரி முழுவதுமே தன்னைப் புதிதாக ஒழுங்கமைத்துக்கொள்கிறது என்பது கோல்ட்ஸ்டைனின் கண்டறிவு. பேர்ள்ஸின் பிற்காலச் சிந்தனைக்கு இதுவே அடித்தளம் எனலாம். லோராவை அவர் சந்தித்ததும் அங்கேதான். லோரா கெஸ்டால்ட் உளவியலை முறையாகப் பயின்றவர். மார்ட்டின் பூபர், பால் டில்லிச் ஆகிய மெய்யியலாளர்களின் தாக்கமும் அவரிடம் இருந்தது.

1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் இருவரும் நெதர்லாந்துக்குத் தப்பிச் சென்று, பின் தென்னாப்பிரிக்காவில் குடியேறினர். ஜொகானஸ்பர்க்கில் ஒரு உளப்பகுப்பாய்வு நிறுவனத்தைத் தொடங்கினர். 1936இல் செக்கோசுலோவாக்கியாவின் மரியன்பாத் நகரில் நடந்த உளப்பகுப்பாய்வு மாநாட்டில் பேர்ள்ஸ் வாசித்த கட்டுரை வரவேற்கப்படவில்லை. அதே பயணத்தில் அவர் சிக்மண்ட் ஃபிராய்டைக் காணச் சென்றார். சந்திப்பு சில நிமிடங்களில், வாசலிலேயே முடிந்துவிட்டது. தன் வாழ்வில் முற்றுப்பெறாமல் நின்றவற்றுள் ஒன்றாக இதைப் பேர்ள்ஸ் பிற்காலத்தில் குறிப்பிட்டார். முற்றுப்பெறாதவை பற்றியே ஒரு கோட்பாட்டை வகுத்தவருக்கு இது நேர்ந்தது கவனிக்கத்தக்கது.

1942இல் டர்பனில் வெளிவந்த 'தன்முனைப்பு, பசி, வலிந்துதாக்கல்' என்னும் பொருள்படும் நூலே இம்முறையின் முதல் விதை. அதன் சில பகுதிகள் லோராவின் பங்களிப்பு. குழந்தைகள் உணவை மெல்லக் கற்றுக்கொள்வது பற்றிய அவருடைய கவனிப்புகளும் அந்நூலில் கலந்துள்ளன. ஆயினும் நூலின் ஆசிரியராக ஃபிரிட்ஸ் மட்டுமே அறியப்பட்டார். இந்தக் குறை இன்றுவரை பல பாடநூல்களில் தொடர்கிறது.

1946இல் ஃபிரிட்ஸ் நியூயார்க் சென்றார். பின்னர் லோராவும் அங்கு சேர்ந்துகொண்டார். 1951இல் பேர்ள்ஸ், கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ரால்ஃப் ஹெஃபர்லைன், பால் குட்மன் ஆகிய மூவர் பெயரிலும் 'கெஸ்டால்ட் தெரப்பி' என்ற நூல் வெளியானது. அதன் கோட்பாட்டுப் பகுதியைப் பெரும்பாலும் எழுதியவர் குட்மன். தாமே செய்து பார்க்கத்தக்க பயிற்சிகள் ஹெஃபர்லைனின் மாணவர்களிடம் சோதிக்கப்பட்டவை. விற்பனையைக் கருதிப் பயிற்சிகள் முன்னும் கோட்பாடு பின்னுமாக நூல் அச்சானது. வாசிப்போர் பலர் முற்பகுதியோடு நிறுத்திக்கொண்டதால், கோட்பாடற்ற உத்திகளின் தொகுப்பே இம்முறை என்ற எண்ணம் பரவ இதுவும் ஒரு காரணமாயிற்று. 1952இல் நியூயார்க்கிலும் 1954இல் கிளீவ்லாந்திலும் பயிற்சி நிறுவனங்கள் உருவாயின.

1964 முதல் 1969 வரை கலிபோர்னியாவின் எசலன் நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் நடத்திய பயிலரங்குகள் அவரைப் புகழ்பெறச் செய்தன. பார்வையாளர் முன்னிலையில் ஒருவரை அழைத்து அமர்த்தி, சில நிமிடங்களில் அவரை நெகிழச் செய்யும் ஆற்றல் அவருக்கிருந்தது. அவர் 1970இல் சிக்காகோவில் காலமானார். லோரா நியூயார்க்கில் பல்லாண்டுகள் அமைதியாகப் பயிற்றுவித்து 1990இல் மறைந்தார்.

அடிப்படைக் கருத்துகள்

உருவும் பின்னணியும்: பசித்தவர் தெருவில் நடந்தால் உணவகங்களே கண்ணில் படுகின்றன. கடிதத்தை அஞ்சலில் சேர்க்க வேண்டியவருக்கு அஞ்சல்பெட்டி தென்படுகிறது. எந்தத் தேவை மேலோங்கியுள்ளதோ அது உருவாக முன்னெழ, பிற யாவும் பின்னணியாகப் பின்வாங்குகின்றன. தேவை நிறைவேறியதும் உரு கலைந்து அடுத்த உருவுக்கு இடம் விடுகிறது. இந்த ஓட்டம் தடையின்றி நிகழ்வதே உளநலம் என்பது இம்முறையின் துணிபு.

முற்றுப்பெறாதவை: சொல்லப்படாத சினம், அழப்படாத இழப்பு, கேட்கப்படாத மன்னிப்பு போன்றவை கலையாத உருக்களாக நின்று புதியவற்றைக் காணவிடாமல் தடுக்கின்றன. நடந்தது முப்பதாண்டுகளுக்கு முன்னதாக இருக்கலாம். ஆனால் அதை அடக்கிவைக்கும் வேலை இன்றும் நடக்கிறது, இறுகிய தாடையாகவும் பிடித்துவைத்த மூச்சாகவும். இதனால்தான் கெஸ்டால்ட் சிகிச்சையாளர் கடந்தகாலத்தைத் தோண்டாமலேயே அதை நிகழ்காலத்தில் சந்திக்க இயலும் என்கிறார். "நிகழ்காலம் மட்டுமே முக்கியம், நடந்ததை மறந்துவிடு" என்று இம்முறை கூறுவதாகச் சிலர் விளங்கிக்கொள்வது பிழை.

தொடர்பு எல்லை: தோல் உடலை வெளியுலகிலிருந்து பிரிக்கவும் செய்கிறது, வெளியுலகோடு இணைக்கவும் செய்கிறது. அதுபோலத் 'தான்' என்பது மற்றவரோடு தொடர்புகொள்ளும் எல்லையில் நிகழ்வது. அது உள்ளே ஒளிந்துள்ள பொருள் அன்று. இவ்வெல்லையில் ஏற்படும் இடையூறுகளைப் பேர்ள்ஸ் பெயரிட்டு விளக்கினார். அவற்றுள் முதன்மையானது விழுங்கல். பிறர் கூறிய நெறிகளை மெல்லாமல் அப்படியே விழுங்கினால் அவை செரிக்காமல் உள்ளே கிடக்கின்றன. "ஆண்பிள்ளை அழக்கூடாது" என்பதைச் சிறுவயதில் விழுங்கியவர், அது தன் கருத்தா என்று ஒருபோதும் சோதித்துப் பார்ப்பதில்லை. மென்று பார்த்தால் சிலவற்றை ஏற்கலாம், சிலவற்றைத் துப்பிவிடலாம். பெற்றோர் சொன்ன அனைத்தையும் எதிர்ப்பதும் மெல்லாத செயலே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

தனக்குள் இருப்பதைப் பிறரிடம் காண்பது ஏற்றல். பிறர்மீது செல்லவேண்டிய சினத்தையோ, பிறரிடம் பெறவிரும்பிய ஆறுதலையோ தன்மீதே செலுத்துவது தன்மேல் திருப்பல். நகம் கடிப்பது, தன்னைத் தானே ஏசிக்கொள்வது இதில் அடங்கும். தனக்கும் பிறர்க்கும் வேறுபாடே இல்லாததுபோல் இணங்கிப்போவது கலந்தொன்றல். நேரடிப் பேச்சை நகைச்சுவையாலும் பொதுப்பேச்சாலும் நழுவவிடும் திசைதிருப்பலை எர்விங், மிரியம் போல்ஸ்டர் இணையர் 1973இல் இப்பட்டியலில் சேர்த்தனர். இவை எதுவும் தன்னளவில் நோயன்று. ஒரு காலத்தில் காத்தவையே, தேவையற்ற இடத்தில் பழக்கமாகத் தொடரும்போது துன்பமாகின்றன.

மாற்றத்தின் முரண்: 1970இல் அர்னால்ட் பைசர் எழுதிய சிறு கட்டுரை இம்முறையின் மையக் கருத்தைத் தெளிவாக்கியது. ஒருவர் தான் அல்லாத ஒன்றாக ஆக முயலும்போது மாற்றம் நிகழ்வதில்லை. தான் எவ்வாறு இருக்கிறாரோ அதில் முழுமையாக நிலைகொள்ளும்போதே மாற்றம் நிகழ்கிறது. பைசர் டென்னிஸ் வீரராக இருந்து, இளமையில் இளம்பிள்ளைவாதத்தால் உடல் செயலிழந்தவர். தன் உடலை ஏற்கும் போராட்டத்தை அறிந்த ஒருவரின் கூற்று என்பதால் இது வெறும் ஆறுதல் மொழியாகத் தோன்றுவதில்லை.

சிகிச்சை நடைபெறும் விதம்

சிகிச்சையாளரும் துணைநாடுபவரும் எதிரெதிரே அமர்ந்து உரையாடுகின்றனர். ஃபிராய்டிய முறையிலுள்ள சாய்விருக்கை இங்கில்லை. சிகிச்சையாளர் பேச்சின் பொருளோடு குரல், பார்வை, மூச்சு, கையசைவு ஆகியவற்றையும் கவனித்துத் தான் கண்டதைக் கூறுகிறார், விளக்கம் அளிப்பதில்லை. 1965இல் வெளியான ஒரு புகழ்பெற்ற பயிற்சித் திரைப்படத்தில் கார்ல் ரோஜர்ஸ், பேர்ள்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் ஆகிய மூவரும் ஒரே பெண்ணோடு தனித்தனியே உரையாடுகின்றனர். தனக்கு அச்சமாக உள்ளது என்று அப்பெண் சொல்ல, அதைச் சொல்லும்போதே அவர் சிரிப்பதைப் பேர்ள்ஸ் சுட்டிக்காட்டுகிறார். உரையாடல் முழுவதும் இம்முரணிலிருந்தே விரிகிறது. இம்முறையின் கூர்மையையும், பேர்ள்ஸின் கடுமையையும் ஒருங்கே காட்டும் பதிவு அது.

மிகவும் அறியப்பட்ட உத்தி வெற்று நாற்காலி. இதன் மூலம் ஜேக்கப் மொரேனோவின் உளநாடக முறையில் உள்ளது. எடுத்துக்காட்டாக, இறந்துபோன தந்தைமீது மனத்தாங்கல் கொண்ட ஒருவரிடம், எதிரே உள்ள காலி நாற்காலியில் தந்தை இருப்பதாகக் கொண்டு பேசுமாறு கூறப்படுகிறது. "அப்பா என்னைக் கவனிக்கவில்லை" என்ற செய்தி, "நீங்கள் என்னைக் கவனிக்கவில்லை" என்ற முன்னிலைப் பேச்சாக மாறுகிறது. பின் அவரே இடம் மாறி அமர்ந்து தந்தையாக மறுமொழி கூறுகிறார். இவ்விடமாற்றத்தில் சினத்தின் அடியில் கிடந்த ஏக்கம் வெளிப்படுவதுண்டு. இரு நாற்காலி முறையில், ஒருவருக்குள் அதட்டும் குரலும் சாக்குச் சொல்லி நழுவும் குரலும் இவ்வாறே எதிரெதிரே பேசவைக்கப்படுகின்றன. வெல்வது பெரும்பாலும் நழுவும் குரலே என்பது பேர்ள்ஸின் கணிப்பு. நாளை முதல் படிப்பேன் என்று அட்டவணை போட்டவர் எவரும் இதை ஒப்புக்கொள்வர்.

மொழியிலும் கவனம் செலுத்தப்படுகிறது. "என்னால் அவரிடம் பேச முடியாது" என்பதை "நான் அவரிடம் பேச மாட்டேன்" என்று சொல்லிப் பார்க்கும்போது, இயலாமை எது, தெரிவு எது என்பது விளங்கக்கூடும். ஆங்கிலத்தில் வகுக்கப்பட்ட இப்பயிற்சிகள் அனைத்தையும் தமிழில் அப்படியே பயன்படுத்த இயலாது. "எனக்குக் கோபம் வருகிறது" என்பது தமிழின் இயல்பான தொடரமைப்பு. அதைப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகக் கொண்டு "நான் கோபப்படுகிறேன்" என்று திருத்தச் சொல்வது இலக்கணத்தை நோயாகக் கருதுவதாகிவிடும்.

திறனாய்வும் சான்றுகளும்

கெஸ்டால்ட் உளவியலாளர் மேரி ஹென்லே 1978இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்விரண்டு துறைகளுக்கும் பெயரைத் தவிர ஒற்றுமை மிகக் குறைவு என்று வாதிட்டார். தாம் அவ்வுளவியலாளர்களின் நூல்களில் பெரும்பகுதியைப் படிக்கவில்லை எனப் பேர்ள்ஸே தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டுள்ளார். லோராவின் முறையான பயிற்சியைக் கணக்கில் கொண்டால் ஹென்லேயின் தீர்ப்பு சற்றுக் கடுமையானதே.

இதைவிட முக்கியமானது தீங்கு பற்றிய கேள்வி. லீபர்மன், யாலோம், மைல்ஸ் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு பல்வேறு சந்திப்புக் குழுக்களை ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட நூலில், பாதிப்புற்றவர்களின் அளவு எந்தச் சிகிச்சைப் பள்ளி என்பதைவிடத் தலைவரின் நடத்தையையே சார்ந்திருந்தது. உணர்ச்சியை வலிந்து தூண்டி, முகத்துக்கு நேரே மோதும் தலைவர்களின் குழுக்களில் பாதிப்பு மிகுந்திருந்தது. பேர்ள்ஸின் பயிலரங்குப் பாணியைப் பார்த்துப் பின்பற்றியவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். தலையணையை அடித்துச் சினத்தைத் தீர்த்துக்கொள்ளும் பழைய வழக்கத்தையும் பின்னாளைய ஆய்வுகள் ஆதரிக்கவில்லை. இவ்வாறு கொட்டித் தீர்ப்பது சினத்தைக் கூட்டுவதாக பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட சோதனை காட்டியது. உளப்பிணியால் நிகழ்வுலகத் தெளிவு குன்றியவரிடமும், அண்மையில் பேரதிர்ச்சிக்கு உள்ளானவரிடமும் நாற்காலி உத்தியைப் பயன்படுத்துவதில் மிகுந்த கவனம் தேவை. நூலில் படித்துவிட்டு நண்பரிடம் செய்துபார்க்கும் விளையாட்டும் அன்று இது.

மறுபுறம், கனடாவின் லெஸ்லி கிரீன்பர்க் 1970கள் தொட்டு நாற்காலி உரையாடல்களை ஒலிப்பதிவுகளைக் கொண்டு படிப்படியாக ஆராய்ந்தார். நெருங்கியவர்மீது தீராத மனத்தாங்கல் உடையோரிடம் நடத்தி, பைவியோவும் அவரும் 1995இல் வெளியிட்ட ஒப்பாய்வில், வெற்று நாற்காலி சார்ந்த சிகிச்சை பெற்றவர்கள் கல்விவழி உதவி பெற்றவர்களைவிட மிகுந்த முன்னேற்றம் கண்டனர். இவ்வாய்வுகளிலிருந்து உணர்ச்சிமையச் சிகிச்சை என்னும் தனிமுறை வளர்ந்தது. எனினும் இச்சான்றுகள் ஒரு உத்திக்கானவை. கெஸ்டால்ட் சிகிச்சை முழுமைக்குமான சான்றாக இவற்றைக் கொள்ளலாகாது.

இன்றைய நிலை

1980களிலிருந்து கேரி யோன்டெஃப், லின் ஜேக்கப்ஸ் முதலியோர், மோதலைக் குறைத்து உரையாடலையும் உறவையும் மையமாக்கினர். பூபரின் 'நான்-நீ' உறவு பற்றிய சிந்தனை இதில் மீண்டும் முன்னுக்கு வந்தது. ஒருவகையில் இது லோராவின் பாணிக்குத் திரும்பியது எனலாம். 1951ஆம் ஆண்டு நூலும் 1994இல் கோட்பாட்டுப் பகுதியை முன்வைத்து மறுபதிப்பாயிற்று. ஐரோப்பியக் கெஸ்டால்ட் சிகிச்சைச் சங்கம் 1985இல் நிறுவப்பட்டது. ஆஸ்திரியாவில் சட்டப்படி ஏற்கப்பட்ட உளச்சிகிச்சை முறைகளுள் இதுவும் ஒன்று. பேர்ள்ஸ் இணையர் தப்பியோட நேர்ந்த ஜெர்மனியில் பயிற்சி நிறுவனங்கள் பல இருந்தும், அரசுசார் மருத்துவக் காப்பீடு செலவேற்கும் முறைகளின் பட்டியலில் இது இடம்பெறவில்லை.