ஓர் உடலுக்கு மூன்று கல்லறை

செத்துட்டா ராஜாவும் ஒண்ணு, பிச்சைக்காரனும் ஒண்ணு என்று சொல்லி ஆறுதல் அடைகிறோம். இந்த ஆறுதல் அதிகாரத்துக்கு எவ்வளவு சௌகரியமானது என்பது, வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்துக்கு அடியில் இறங்கினால் விளங்கும். டிக்கெட் வாங்கி, வழிகாட்டியின் பின்னால் வரிசையில் போகிற சுற்றுலாப் பயணியாகத்தான் நானும் இறங்கினேன்.

கீழே ஓர் அரச நிலவறை. 1365இல் இறந்த நான்காம் ருடால்ஃப் தன் வம்சத்துக்காக ஏற்படுத்தியது. சவப்பெட்டிகளோடு செம்புக் கலயங்களும் இருக்கின்றன. கலயங்களில் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தாரின் உள்ளுறுப்புகள். உடல் கப்புச்சின் தேவாலயத்தில், இதயம் அகஸ்டீனியர் தேவாலயத்தில், குடல் இங்கே. 17ஆம் நூற்றாண்டில் வழக்கமான இந்தப் பங்கீடு 1878இல் இளவரசர் ஃபிரான்ஸ் கார்லோடுதான் முடிந்தது. ஒரே உடலுக்கு மூன்று இடம், மூன்று பிரார்த்தனை. ராஜாவின் குடலுக்குக்கூடப் பெயர்ப்பலகை உண்டு.

அடுத்த அறைகளில் பெயர் இல்லை, எண்ணிக்கைதான் இருக்கிறது. 1730களில் பேராலயத்தைச் சுற்றியிருந்த இடுகாட்டை மூடிவிட்டு, நகரவாசிகளை நிலத்தடி அறைகளில் அடக்கம் செய்தார்கள். 11,000 பேருக்கு மேற்பட்டவர்களின் மிச்சம் இங்கே கிடக்கிறது. இடம் போதாமல் எலும்புகளை விறகு மாதிரி அடுக்கியிருக்கிறார்கள். அந்த வேலைக்குச் சிறைக்கைதிகளை இறக்கினார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. செத்தவர் பெயர் பங்கின் பதிவேட்டில் இருந்திருக்கும். எந்தப் பெயருக்கு எந்த எலும்பு என்பதுதான் போய்விட்டது.

'கட்டகோம்ப்' என்ற சொல்லும் பழசல்ல. 'புதிய நிலவறைகள்' என்று வழங்கிய இடத்துக்கு 19ஆம் நூற்றாண்டில்தான் இந்தப் பெயர் ஒட்டியது. ரோம் நகரத்து ஆதிக் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை நினைவூட்டும் பெயர். இடநெருக்கடியில் அடுக்கப்பட்ட எலும்புக்கு ஒரு புராதன மர்மம் கிடைத்துவிடுகிறது. பார்க்க வருகிறவர் யார் அடுக்கினார்கள், ஏன் அடுக்கினார்கள் என்று கேட்பதில்லை. சிலிர்த்துக்கொண்டு மேலே ஏறிவிடுகிறார்.

1783இல் பேரரசர் இரண்டாம் ஜோசப் நகருக்குள் புதைப்பதைத் தடை செய்தார். அறிவொளிக் காலத்து மன்னர். சுகாதாரம், சிக்கனம் என்ற சொல்லாடலோடு அரசு பிணத்தின்மேல் கை வைக்கிறது. 1784இல் இன்னொரு ஆணை: பிணத்தை நிர்வாணமாகத் துணிச்சாக்கில் வைத்துத் தைத்து, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். சவப்பெட்டியின் அடிப்பலகை திறந்துகொள்ளும், பிணம் குழியில் விழும், பெட்டி அடுத்த பிணத்துக்குப் போகும்.

பகுத்தறிவுதானே, சமத்துவம்தானே என்று கேட்கலாம். சரி, யாருக்கு? 1790இல் செத்த ஜோசப் சாக்கில் போகவில்லை. கப்புச்சின் நிலவறையில் செம்புப் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். பெட்டி எளிமையானதுதான், ஆனால் அவருக்கே சொந்தமானது. பேராயர்களுக்கும் விலக்கு உண்டு. 2004இல் இறந்த கர்தினால் ஃபிரான்ஸ் கோனிக் இதே பேராலயத்துக்கு அடியில்தான் அடக்கமானார். இந்தப் பேராலயத்தில் ஆசீர்வாதம் பெற்று 1791இல் நகருக்கு வெளியே போன மோசார்ட்டின் உடலுக்குக் கிடைத்தது மூன்றாம் வகுப்பு அடக்கம். குழி எதுவென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. சாவிலும் வகுப்புகளுக்குக் கட்டணம் இருந்தது.

ஆனால் சாக்கு ஆணையை வியன்னா ஜனங்கள் ஏற்கவில்லை. எங்க செத்தவங்களுக்குப் பெட்டி வேணும் என்று நின்றார்கள். 1785 தொடக்கத்திலேயே பேரரசர் அந்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. இதை மதப் பழமைவாதம் என்று ஒதுக்குவது சுலபம். தன் செத்தவர் உடலை எண்ணிக்கையாக மாற்ற விடமாட்டேன் என்று சாதாரண ஜனம் அரசிடம் சொன்ன இடம் இது என்றே நான் வாசிக்கிறேன். நிலவறை வரலாற்றை எழுதுகிறவர்கள் கலயங்களிலிருந்து தொடங்க வேண்டாம். இந்த மறுப்பிலிருந்து தொடங்கட்டும்.