வேப்பேரிக் கிராமமும் அதன் கல்லறை நிலமும்

சென்னை மாநகரின் நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்றாகிய வேப்பேரி, 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கோட்டைக்கும் கறுப்பர் நகரத்துக்கும் அப்பால் கிடந்த ஒரு சிற்றூரேயாகும். 1742இல் ஆர்க்காட்டு நவாப் பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம் ஆகிய ஊர்களுடன் இதனையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். நகரம் பரவவே கிராமம் மறைந்தது. பரிசுத்த மத்தியா ஆலய வளாகத்தில் உள்ள கல்லறைகளோ அதன் பழைய வரலாற்றை நமக்கு இன்றும் உணர்த்துகின்றன.

அவற்றுள் முதற்கண் கருதத்தக்கது கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகரின் கல்லறை. கத்தோலிக்க விசுவாசியாகிய இவர் 1726இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைக் கட்டினார்; பரங்கிமலைக்குப் படிகளும் அமைத்தார். வேப்பேரியில் தேவமாதாவின் பெயரால் ஒரு சிற்றாலயம் எழுப்பியவரும் இவரே. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோதும் இவர் ஆங்கிலேயரை விட்டு விலகவில்லை. 1751இல் மரித்து, தாம் கட்டிய ஆலயத்தருகே அடக்கம் பண்ணப்பட்டார்.

கத்தோலிக்கக் குருமார் பிரெஞ்சுக்காரருக்குத் துணைநின்றனர் என்று கம்பெனியார் ஐயுற்றிருந்தனர். ஆகவே, 1752இல் அவ்வாலயம் கிறிஸ்தவ அறிவு விருத்திச் சங்கத்தின் மிஷனுக்கு ஒப்புவிக்கப்பட்டது. கம்பெனிக்கு உண்மையாயிருந்தவரின் காணிக்கை, அவர் மரித்த மறு ஆண்டிலேயே வேறொரு சபையாரின் கைக்குச் சென்றது. இன்றைய ஆலயம் 1820களில் எழுந்ததாகும்.

இவ்விடத்தில் ஊழியம் செய்த பப்ரீசியுஸ் ஐயர் நம் நன்றிக்குரியவர். புதுச்சேரியில் ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சு இயந்திரம் 1761இல் அவரிடம் அளிக்கப்பட்டது. அவரது தமிழ் ஆங்கில அகராதி 1779இல் வெளிவந்தது. அவர் செய்த வேதாகம மொழிபெயர்ப்பும் ஞானப்பாட்டுகளும் தலைமுறை தலைமுறையாகச் சபைகளைப் போஷித்தன. ஆயினும் கடன் கொடுக்கல் வாங்கல்களில் சிக்கிச் சிறைக்கும் சென்ற அவர், 1791இல் வறுமையில் மரித்தார்.

இவ்வரலாற்றை நாம் எவ்வாறு வாசிப்பது? நமது மிஷன் வரலாறுகள் பெரும்பாலும் மிஷனெரிமாரின் வருகையோடு தொடங்குகின்றன. வேப்பேரியிலோ, மிஷனுக்கு முன்னரே ஒரு கத்தோலிக்கரின் பக்தி அங்கே கல்லாக எழும்பியிருந்தது. அது நம் முன்னோர் கைக்கு வந்தது கொடுத்தவரின் மனவிருப்பத்தால் அன்று. போரில் வென்றவரின் ஆணையால். அச்சு இயந்திரமும் அவ்வாறே போர்க்கொள்ளையாக வந்தது. கர்த்தர் அவற்றைத் தமது வசனத்திற்குப் பயன்படுத்தினார் என்று நாம் அறிக்கையிடலாம். ஆனால் அவ்வறிக்கை, பறித்த செயலை நியாயப்படுத்துவதாகாது.

சபைகளின் ஐக்கியத்தைக் குறித்துப் பேசும் நமக்கு உஸ்கானின் கல்லறை ஒரு கேள்வியாக நிற்கிறது. சபை ஆண்டுவிழாக்களில் நன்றி கூறும்போது, மிஷனெரிமாரின் பெயர்களோடு அவர் பெயரையும் நாம் சொல்வது தகும். போதகர்களும் இறையியல் மாணவர்களும் தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டங்களிலுள்ள எழுத்துகளைப் படித்து, அவை தேய்ந்தழியுமுன் சபைப் பதிவேடுகளில் எழுதி வைப்பார்களாக. எவருடைய நிலத்தில் நின்று நாம் ஆராதிக்கிறோம் என்பதை வருந்தலைமுறை அறிய வேண்டும்.