கிளாக்கரய்யா முதல் கமிஷன் வரை

2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் நிறைவேறியது. ஆதரவாக 108 வாக்கு, எதிராக 62. அன்றைக்கு நான் லீவில் வீட்டில் இருந்தேன். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை அம்மாயிக்கு வாசித்துச் சொன்னேன். "அஞ்சு பேரை வச்சு ஒரு கமிஷன் போடுவாங்களாம் அம்மாயி. நாம இன்டர்நெட்டுல எழுதுறது உண்மையா பொய்யான்னு அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்களாம்."

அம்மாயி வெத்தலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப நம்ம கிளாக்கரய்யா மாதிரியா?"

முதலில் சிரித்துவிட்டேன். பிறகு கேம்பஸுக்குத் திரும்பி, லைப்ரரியில் இருந்து பழைய விஷயங்களைத் தேடிப் படிக்கப் படிக்க, சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அரசறிவியல் படிக்காத அம்மாயி ஒரே வரியில் சொன்னதை நான் இப்போது நாலு பக்கத்துக்கு எழுதப்போகிறேன். கலைப்பீட மாணவனிடம் வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?

முதலில் கிளாக்கரய்யா யாரென்று, தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நமுனுகுல மலை 2,036 மீட்டர் உயரம். ஒன்பது சிகரம் என்பதுதான் அந்தப் பேருக்கு அர்த்தம். மலைக்குப் பேர் இருக்கிறது, உயரம் இருக்கிறது, வரைபடத்தில் இடம் இருக்கிறது. அதன் அடிவாரத்து லயத்துக்கு முகவரி இல்லை. ஆளின் பேர், டிவிஷன், தோட்டத்தின் பேர், அப்புறம் 'நமுனுகுல'. அவ்வளவுதான். தபால்காரர் தோட்டத்து ஆபீஸ் வரை வந்து மொத்தக் கடிதத்தையும் கொடுத்துவிட்டுப் போவார். அங்கிருந்து அது லயத்துக்கு வருவதா, மேசை லாச்சியில் தூங்குவதா என்பது ஆபீஸ் கிளாக்கரின் மனசைப் பொறுத்தது.

என் சின்னம்மாவுக்கு ஒரு காலத்தில் ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் வந்தது. நேர்முகம் முடிந்து நாலு நாளைக்குப் பிறகு, ஓரம் பிரிந்து, வீட்டுக்கு வந்தது. யாரிடம் போய்க் கேட்பது? சின்னம்மா மறுநாள் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார். ஓய்வு பெறும்வரை கொழுந்துதான் எடுத்தார். கடிதம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். மலையகத்தில் நாலு வீட்டில் கேட்டால் இரண்டு வீட்டில் இப்படி ஒரு கடிதம் இருக்கும்.

துணி மூட்டைக்குள் பத்திரிகைக்காரர்

தோட்டத்துக்குள் என்ன செய்தி வரலாம், யார் வரலாம், யார் யாரோடு பேசலாம் என்பதை ஆபீஸே தீர்மானிப்பது வெள்ளைக்கார தொரை காலத்துப் பழக்கம். அதற்கு அப்போது பெரிய தொழில்நுட்பம் தேவைப்படவில்லை. தோட்டம் தனியார் நிலம், அத்துமீறி நுழைவது குற்றம் என்ற ஒரு சட்டம் போதும். தொழிற்சங்கக்காரன் வந்தால் பிடித்துக் கொடுக்கலாம். இன்றைய பாஷையில் சொன்னால், ஃபயர்வால்.

அந்த ஃபயர்வாலை முதலில் உடைத்தவர்களில் ஒருவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூரில் இருந்து வந்தவர். தோட்டத் தொழிலாளர்களின் நிலைமையை நேரில் பார்க்க வேண்டும், ஆனால் உள்ளே விடமாட்டார்கள். மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? புடவை வியாபாரி வேஷம் போட்டு, துணி மூட்டையோடு லயத்துக்குள் போனார். சாரல்நாடன் எழுதிய 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' புத்தகத்தில் இந்தக் கதை இருக்கிறது. இன்றைக்கு நாம் ஃபோனில் போட்டுக்கொள்ளும் விபிஎன் செய்கிற வேலையும் இதேதான்: வேறு ஆள் மாதிரி வேஷம் போட்டு, மூடிய கேட்டைத் தாண்டிப் போவது. நடேசய்யர் அதை 1920களுக்கு முன்பின்னாகவே, மாதச் சந்தா இல்லாமல் செய்திருக்கிறார். பிறகு 'தேசபக்தன்' பத்திரிகை நடத்தினார். அவரும் மனைவி மீனாட்சியம்மாளும் தொழிலாளர்களிடம் செய்தியைப் பாட்டாகவும் கொண்டுபோனார்கள். பத்திரிகையைப் பிடுங்கலாம், மனப்பாடமான பாட்டை எந்த ஆபீஸ் பிடுங்கும்?

1937இல் இன்னொரு கூத்து. பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞர், தேயிலை பழகுவதற்காகத் தோட்டத்துக்கு வந்தவர், தொழிலாளர் பக்கம் சாய்ந்து கூட்டங்களில் பேச ஆரம்பித்தார். தோட்டத் தொரைமாருக்குப் பொறுக்கவில்லை. ஆளுநர் ஸ்டப்ஸ் அவரை நாடு கடத்த உத்தரவு போட்டார். அவர் கூட்டத்தில் சொன்னது உண்மையா, தோட்டத்தில் அப்படித்தான் நடக்கிறதா என்று விசாரிக்க யாருக்கும் தோன்றவில்லை. பேசியவனைத் தூக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற கணக்கு. கடைசியில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று அவரை விடுதலை செய்தது. இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் வாயை மூடு, பிறகு நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப வரும்.

பட்டன் கையில் கிடைத்த பிறகு

வெள்ளைக்காரன் போனான். கிளாக்கரய்யாவின் லாச்சி கொழும்புக்குப் போனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2007 ஜூனில் 'தமிழ்நெட்' தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. அது யுத்த காலம், அது புலிகளுக்குச் சார்பான தளம் என்று தெற்கில் பெரும்பாலானோர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பட்டன் வேலை செய்கிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அதைச் சும்மா வைத்திருப்பார்களா?

2018 மார்ச்சில் திகனயில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 7ஆம் திகதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் மூடப்பட்டன. இங்கே ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். ஃபேஸ்புக்கில் இனவெறி பரவியது நிஜம். சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பை அந்தக் கம்பெனி ஒழுங்காகக் கவனிக்கவில்லை. 2020இல் அதற்காக மன்னிப்பும் கேட்டது. ஆகவே 'இன்டர்நெட்டில் எதுவுமே தடுக்கக்கூடாது' என்று நான் சொல்லவரவில்லை. ஃபோனை மூடியவர்கள், தெருவில் பெட்ரோலோடு நின்றவர்களை அதே வேகத்தில் தடுத்தார்களா என்பதுதான் என் கேள்வி.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சமூக வலைத்தளங்கள் 30ஆம் திகதி வரை முடங்கின. பொய்ச் செய்தி பரவாமல் இருக்க என்றார்கள். பொய்ச் செய்தி கிடக்கட்டும், மெய்ச் செய்தி என்ன ஆனது? தாக்குதல் நடக்கப்போகிறது என்ற எச்சரிக்கை ஏப்ரல் 11ஆம் திகதியிட்ட பொலிஸ் கடிதமாக, ஆட்களின் பேரோடு, ஏற்கெனவே அதிகாரிகளின் மேசையில் இருந்தது. எங்கள் கடிதத்தையெல்லாம் பிரித்துப் படித்த நாட்டில், படிக்க வேண்டிய கடிதத்தை மட்டும் ஒருவரும் ஒழுங்காகப் படிக்கவில்லை. தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022 ஏப்ரல் 3, அரகலய சூடாகிக்கொண்டிருந்த நேரம். ஊரடங்கு போட்டார்கள், கூடவே சமூக வலைத்தளங்களையும் மூடினார்கள். கேட்டது பாதுகாப்பு அமைச்சு. அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்‌ஷ, ஜனாதிபதியின் சொந்த அண்ணன் மகன், ட்விட்டரில் வந்து இந்தத் தடையைத் தான் ஏற்கவில்லை, விபிஎன் இருக்கும்போது இதெல்லாம் வீண்வேலை, தானும் இப்போது விபிஎன்னில்தான் இருக்கிறேன் என்று எழுதினார். சித்தப்பா கேட்டை மூடுகிறார், மகன் மதில் ஏறிக் குதித்து 'கேட்டு சரியில்லை' என்கிறார். ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காமல் தடை எடுக்கப்பட்டது.

அந்த அனுபவத்தில் இருந்து அரசு பாடம் படித்தது. என்ன பாடம்? மூடுவதற்கு ஒழுங்கான சட்டம் வேண்டும் என்ற பாடம். 2023 செப்டம்பரில் அமைச்சர் டிரான் அலஸ் சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றத்தான் இது என்றார்கள். 31 பிரிவுகளைத் திருத்தினால்தான் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம் என்று உயர் நீதிமன்றம் சொல்லும் அளவுக்குக் காப்பாற்றியிருந்தார்கள். 2024 பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட, அது 9ஆம் இலக்கச் சட்டமானது. எது பொய்க் கூற்று என்று சொல்ல ஐவர் ஆணைக்குழு. அகற்றச் சொன்னால் 24 மணித்தியாலம். சில குற்றங்களுக்கு ஐந்து வருஷம் வரை சிறை. அதை அப்போது எதிர்த்தவர்கள் 2024இல் ஆட்சிக்கு வந்தார்கள். திருத்துவோம் என்றார்கள். 2025இலும் திருத்துவோம் என்றே சொன்னார்கள்.

யாருக்குத் தமிழ் தெரியும்?

எனக்கு இந்தக் கமிஷனைப் பற்றிப் பயம் வருவது அஹ்னாப் ஜஸீமை நினைக்கும்போதுதான். மன்னார்ப் பக்கத்து இளம் கவிஞர், ஆசிரியர். 'நவரசம்' என்ற கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். தீவிரவாதத்தை எதிர்த்த கவிதைகள் தீவிரவாதமாகப் படிக்கப்பட்டன. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது. குற்றமற்றவர் என்று விடுதலையாக 2023 டிசம்பர் ஆனது. ஒரு தமிழ்ப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்து முடிக்க இந்த அரசுக்கு மூன்றரை வருஷம். அதே அரசு நியமிக்கும் ஐந்து பேர், என் ஃபேஸ்புக் பதிவில் உள்ள நக்கலை 24 மணித்தியாலத்தில் புரிந்துகொள்வார்களாம். நமுனுகுலத் தமிழில் எழுதினால் அவர்களுக்கு யார் மொழிபெயர்த்துக் கொடுப்பது?

கட்டுப்பாடு ஃபைவ் ஜி, சிக்னல் ரெண்டு கட்டம்

இவ்வளவு தீவிரமாகக் கட்டுப்படுத்தும் இன்டர்நெட் எங்களிடம் இருக்கிறதா? அதுதான் பெரிய பகிடி.

2020, 2021இல் ஸ்கூல் மூடியபோது பாடம் ஜூமில் நடந்தது. எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. தேயிலை மலையில் மேல் ரோட்டு வளைவு ஒன்றில் ரெண்டு கட்டம் கிடைக்கும். வீட்டில் ஒரு ஃபோன், காலையில் அக்காவுக்கு, பின்னேரம் எனக்கு. மழை வந்தால் பாடம் முடிந்தது. இதே பதுளை மாவட்டத்தில் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னலுக்காகக் காட்டு வழியே நடந்து பாறை மேல் ஏறிய படங்கள் 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தன. அவர்கள் சிங்களப் பிள்ளைகள். சிக்னல் விஷயத்தில் மட்டும் இந்த நாட்டில் சமத்துவம் உண்டு.

அப்புறம் 2024 ஜனவரியில் ஃபோனுக்கும் 18 வீத வற் வரி. 2025 ஜனவரி 28க்குப் பிறகு, பதிவில்லாத ஃபோனை நெட்வேர்க்கில் புதிதாகப் பாவிக்க முடியாது என்று இன்னொரு அறிவித்தல். ஃபோனுக்கே பதிவு இலக்கம் கட்டாயம். அதை வைத்திருக்கும் ஆளுக்கு வீட்டு இலக்கம்? அதைப் பிறகு பார்க்கலாம். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் வந்தது. மாதம் 15,000 ரூபா அளவில். அப்போது ஒரு பேருக்கு 1,350 ரூபா. பதினோரு பேர் போட்டால் வானத்தில் இருந்து இன்டர்நெட். பெட்டி வாங்கும் காசு தனி.

நூறு வருஷத்துக் கணக்கைப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. எங்களுக்கு எந்த வசதியும் கடைசியாகத்தான் வரும். அதை யார் திறந்து பார்ப்பது என்ற ஏற்பாடு மட்டும் முதலில் வந்துவிடும். பெண்பிள்ளைகளின் படத்தை வைத்து மிரட்டுகிறவனைப் பிடிக்கச் சட்டம் வேண்டும், மறுக்கவில்லை. அவனைப் பிடிக்கத் தமிழில் முறைப்பாடு எழுதும் பொலிஸ் வேண்டும், தீர்ப்புச் சொல்ல நீதிமன்றம் வேண்டும். எது உண்மை என்று சொல்ல இன்னொரு கிளாக்கரய்யா தேவையில்லை.

போன லீவில் சின்னம்மாவிடம் அந்தக் கடிதத்தைக் கேட்டேன், ஸ்கேன் பண்ணி வைக்க. கொடுத்தார். "இன்டர்நெட்டுல போட்டுறாத, கமிஷன்காரன் வந்துருவான்" என்று சிரித்தார். போடவில்லை. ஆனால் உங்கள் தோட்டத்திலும் இப்படிப் பிரித்துப் படித்த கடிதங்கள் இருக்கும். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.