பாறை வயிற்றில் ஒரு பழநகர்

உலகில் சென்று காண்பதற்குரிய ஊர்கள் எவை என்று நம் இல்லத்துச் சிறார்களை வினவினால், பாரிசு, இலண்டன், உரோமாபுரி, வெனிசு என ஒரே மூச்சில் அடுக்கிவிடுவர். அந்நகரங்களின் பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. ஆயினும், பெயர் பெற்ற நகரங்களின் நிழலில் ஒதுங்கி நின்று, காண்போர் உள்ளத்தை ஒரு கணம் திடுக்கிடச் செய்யும் ஊர்களும் உலகில் உள்ளன. அத்தகைய ஊர்களுள் ஒன்று, தென் இத்தாலியின் பசிலிக்காத்தா மாநிலத்தைச் சேர்ந்த மத்தேரா. ஒரு காலத்தில் நாட்டுக்கே இழுக்கு என்று தூற்றப்பட்டு, அரசின் ஆணையால் காலி செய்யப்பட்டு, பின்னர் உலகமே வந்து வியக்கும் இடமாக மாறிய ஊர் அது. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை நீங்கி வந்து வாழும் நம்போன்ற குடும்பங்களுக்கு அதன் வரலாறு சற்று நெருக்கமாகவே தோன்றும்.

கிராவினா என்னும் சிற்றாறு சுண்ணப் பாறையை அரித்து அரித்து ஆழமானதொரு பள்ளத்தாக்கைத் தோண்டியிருக்கிறது. அதன் ஒரு கரையில், செங்குத்தான சரிவில், அடுக்கடுக்காய் ஏறிச் செல்கின்றது ஊர். தொலைவிலிருந்து நோக்கின், ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சதுரக் கல்வீடுகள் குவிந்து கிடப்பதாகத் தோன்றும். அருகே சென்றபின்னரே, அவ்வீடுகளுள் பலவற்றிற்கு முகப்பு மட்டுமே கட்டப்பட்டது என்பதும், உட்புறமெல்லாம் மலையைக் குடைந்த குகை என்பதும் விளங்கும். ஒரு வீட்டின் கூரை அதற்கு மேலுள்ள வீட்டின் தெருவாகும். உளிக்கு எளிதில் இணங்கும் மென்பாறை அது. குடைந்தெடுத்த கல்லையே அறுத்து, முன்புறத்தில் சுவராக எழுப்பிக் கொண்டனர். மலையைக் குடைந்து கோயில் கண்ட மரபில் வந்த நமக்கு இவ்வேலை புதியதன்று. எனினும், ஒரு நகரையே இவ்வாறு குடைந்தெடுத்த துணிவை வியவாமல் இருக்க இயலாது.

இக்குகைப் பகுதிகளுக்குச் சாஸ்ஸி என்று பெயர். இத்தாலிய மொழியில் அதற்குப் பாறைகள் என்பதே பொருள். கவேயோசோ, பரிசானோ என அவை இரண்டு. இரண்டிற்கும் இடையே உயர்ந்து நிற்கும் மேட்டில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தலைமைக் கோயில் உள்ளது. எதிர்க்கரையில் உள்ள முர்ஜா மேட்டில் கற்கால மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்துள்ளன. மருத்துவராய் இருந்துகொண்டே அகழ்வாராய்ச்சியில் ஈடுபட்ட தொமேனிகோ ரீதோலா என்பார் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1911இல் அங்கே அருங்காட்சியகம் ஒன்று தோன்றியது. இடைக்காலத்தில் துறவிகளும் குடிமக்களும் குடைந்த கோயில்கள் இப்பள்ளத்தாக்கைச் சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்டவை உள்ளன. அவற்றுள் ஒன்றை ஆயர்கள் ஆட்டுப்பட்டியாகவே பயன்படுத்தி வந்தனர். 1963இல் உள்ளூர் ஆர்வலர் சிலர் அதனுள் நுழைந்து பார்த்தபோது, உலகப் படைப்பும் ஆதாம் ஏவாள் கதையும் சுவரில் வண்ண ஓவியங்களாய்த் திகழக் கண்டனர். அவ்வோவியங்கள் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழமையுடையவை.

மத்தேராவின் மக்கள் எப்போதும் அடங்கிக் கிடந்தவரல்லர். அவ்வூரின் ஆட்சி உரிமையை முன்னரே பெற்றிருந்த திரமொந்தானோ என்னும் பிரபு, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊருக்கு மேலே கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கினான். அவனது கடன் சுமையெல்லாம் வரியாக மாறிக் குடிகளின் தலையில் விழுந்தது. 1514 டிசம்பர் 29ஆம் நாள், கோயிலை விட்டு அவன் வெளியே வந்தபோது மக்கள் அவனைக் கொன்றனர். கோட்டை இன்றும் முற்றுப் பெறாமலேயே நிற்கிறது. அவன் வீழ்ந்த சந்துக்கு மீட்புத் தெரு என்று பெயரிட்டிருக்கின்றனர். கொலையைப் போற்றுவதற்கில்லை. எனினும், அப்பெயரில் ஒலிக்கும் பெருமூச்சை உணராமல் இருப்பதற்குமில்லை. பின்னர், 1663 முதல் 1806 வரை பசிலிக்காத்தாவின் தலைநகராய் விளங்கும் பேறும் இவ்வூருக்கு வாய்த்தது.

நீரைச் சேர்த்த திறம்

இவ்வூரின் உண்மையான அற்புதம் கண்ணுக்குப் புலப்படாதது. அது நீர். பள்ளத்தின் அடியில் ஓடும் ஆற்றிலிருந்து நீர் சுமந்து மேலேறுதல் எளிதன்று. மழையும் அங்கே குறைவு. ஆதலின், விழும் மழையில் ஒரு துளியும் வீணாகாதவாறு கூரைகளிலும் படிகளிலும் வாய்க்கால் வெட்டி, பாறையுள் குடைந்த தொட்டிகளில் சேர்த்தனர். தொட்டியின் உட்சுவரில் மட்கலப் பொடியும் சுண்ணாம்பும் கலந்த சாந்தைப் பூசி நீர் கசியாமல் காத்தனர். நம் ஊர்க் கொத்தனார்கள் சுருக்கி என வழங்கும் செங்கற்பொடிச் சாந்துக்கு இது நெருங்கிய உறவு. ஊரின் நடுச் சதுக்கத்தின் அடியில் பலோம்பாரோ லுங்கோ எனப்படும் பெருந்தொட்டி உள்ளது. ஏறத்தாழ 16 மீட்டர் ஆழமும் 50 மீட்டர் நீளமும் கொண்ட அது, ஐம்பது இலட்சம் லிட்டர் நீர் கொள்ளும். 16ஆம் நூற்றாண்டில் தொடங்கிச் சிறிது சிறிதாக விரிவாக்கப்பட்ட அத்தொட்டி, குழாய் நீர் வந்தபின் மறதியில் மூழ்கியது. 1991இல் சதுக்கத்தைச் செப்பனிடும்போதுதான் மீண்டும் வெளிப்பட்டது. குழாயைத் திறந்தால் நீர் வரும் என்ற நிலை வந்தவுடன் கிணற்றையும் ஏரியையும் மறந்த கதை நம் நாட்டு நகரங்களுக்கும் உரியதே. அதனை ஈண்டு விரிப்பின் கட்டுரை வேறு திசையில் சென்றுவிடும்.

தொட்டியைச் சுற்றி முற்றம், முற்றத்தைச் சுற்றிச் சில குகை வீடுகள் என்பது அங்கு வாழ்க்கையின் அமைப்பு. அதனை விச்சினாத்தோ என்பர். நெல்லைச் சீமையில் வளவு என்று நாம் வழங்கும் அமைப்பை நினைவிற் கொண்டால் பொருள் விளங்கிவிடும். நீரும் பொது, துவைக்கும் கல்லும் பொது. ஒரு வீட்டின் பேறுகாலமும் இழவும் அனைவருக்கும் பொது. ரொட்டி சுடும் அடுப்பும் அவ்வாறே. மாவை வீட்டிற் பிசைந்து ஊர்ப்பொது அடுப்புக்கு அனுப்புவர். பல வீட்டு ரொட்டிகள் ஒன்றாக வேகுமாதலின், எது எவருடையது என அறியக் குடும்பப் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கிய மரமுத்திரையை மாவின்மேல் பதிப்பர். ஆயர்கள் குளிர்காலப் பொழுதில் அமர்ந்து செதுக்கிய முத்திரைகள் அவை. சேவல் உருவும் மனித உருவும் தலைப்பில் நிற்கும் அவற்றுள் சில, சிற்பியின் கைவண்ணத்திற்குத் தாழ்ந்தவையல்ல.

இழுக்கு என்னும் பட்டம்

இத்துணைச் சீராய் அமைந்த ஊர் சீரழிந்ததற்குக் காரணம், மக்கள் பெருகியபோது இடம் பெருகாமையே. தலைநகர்ப் பெருமை பொத்தென்சாவுக்குச் சென்றது. வசதியுடையோர் மேட்டுச் சமநிலத்தில் மாளிகை எழுப்பிக் குடியேறினர். கூலி உழவரும் ஆயரும் கீழே எஞ்சினர். தொழுவங்களும் பண்டசாலைகளும் வீடுகளாயின. நீர்த்தொட்டிகளைக்கூட வற்றச் செய்து குடிபுகுந்தனர். தொட்டி வீடாயின், நீருக்கு எங்கே போவது? கழிவுநீர் செல்ல வழியில்லை. ஒரே குகையில் தாய் தந்தையர், ஆறேழு குழந்தைகள், கோவேறு கழுதை, கோழி, பன்றி என அனைத்தும் வாழ்ந்தன. ஈரத்துக்கு அஞ்சிக் கட்டிலை உயர்த்தி அமைத்தனர். சோளத் தோகை அடைத்த மெத்தையே படுக்கை. விலங்குகள் உள்ளே நின்றமைக்கு வேறொரு காரணமும் உண்டு. குளிர்காலத்தில் குகைக்கு வெப்பம் தந்தவை அவற்றின் உடல்களே. அக்கழுதை இறந்தால் குடும்பமே பட்டினி என்பதால், மனிதருக்கு நிகரான இடம் அதற்கு இருந்தது.

1935ஆம் ஆண்டு, முசோலினியின் ஆட்சியை எதிர்த்த குற்றத்திற்காகக் கார்லோ லெவி என்னும் ஓவியர் இம்மாநிலத்துச் சிற்றூர்களுக்கு நாடுகடத்தப்பட்டார். அவர் மருத்துவமும் பயின்றவர். அவரைக் காண வந்த தமக்கை லூயிசா வழியில் மத்தேராவைக் கண்டார், அவரும் மருத்துவர். கண்ணோயும் காய்ச்சலும் வாட்டிய குழந்தைகள் அவரைப் பின்தொடர்ந்து வந்து காசு கேட்கவில்லையாம். மலேரியாவுக்குரிய கொயினா மருந்தைக் கேட்டனராம். லெவி 1945இல் வெளியிட்ட நூலில் இச்செய்தியைப் பதிவு செய்தார். ‘கிறித்து எபோலியிலேயே நின்றுவிட்டார்’ என்பது அந்நூலின் பெயர். தம் ஊர்வரை கடவுளும் வரவில்லை, அரசும் வரவில்லை என்னும் அப்பகுதி மக்களின் மனக்குறையே தலைப்பாயிற்று.

நூல் நாட்டை உலுக்கியது. மத்தேரா நாட்டின் மானக்கேடு என்று அரசியலார் முழங்கினர். 1950இல் தலைமை அமைச்சர் தெ காஸ்பெரி நேரில் வந்து பார்த்தார். 1952இல் சட்டம் பிறந்தது. சாஸ்ஸியில் அப்போது வாழ்ந்தோர் ஏறத்தாழ பதினையாயிரவர். அவர்களுள் பெரும்பாலோர் படிப்படியாகப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டனர். மீண்டும் எவரும் நுழையாதிருக்கக் குகைகளின் வாயில்களைச் சுவர் வைத்து அடைத்தனர்.

இதனை வெறும் கொடுமை என்று கூறுவது நேர்மையாகாது. பிறந்த குழந்தைகளைப் புதைத்துப் புதைத்து ஓய்ந்த தாய்மாருக்குக் குழாய் நீரும் கழிப்பறையும் சன்னலும் உள்ள வீடு எத்துணைப் பேறு என்பதை, குகையின் அழகைப் பாடுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரசும் கண்ணை மூடிக்கொண்டு செயற்படவில்லை. தத்துவப் பேராசிரியர் பிரீட்மன் தலைமையில் அறிஞர் குழு ஒன்று மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தது. தட்டச்சுப் பொறி நிறுவனத்தின் தலைவர் ஒலிவெத்தி அம்முயற்சிக்குத் துணை நின்றார். கட்டடக் கலைஞர் குவாரோனியும் உடனிருந்தோரும் லா மர்த்தெல்லா என்னும் புதிய சிற்றூரை வகுத்தபோது, அண்டை அயலார் முகம் பார்த்துப் பேசும்படி வளைந்த தெருக்களையும், வீட்டை ஒட்டிய தொழுவங்களையும் அமைத்தனர். வளவின் வாழ்வை வரைபடத்தில் கொண்டு வந்துவிடலாம் என அவர்கள் நம்பினர். ஆனால் முற்றத்தை வரையலாம். முப்பது ஆண்டுப் பழக்கத்தை எங்ஙனம் வரைவது? ஒரே முற்றத்தில் வாழ்ந்தோர் வெவ்வேறு குடியிருப்புகளுக்குப் பிரிந்தனர். கிழவியர் பேச ஆளின்றி வாயிற்படியில் அமர்ந்திருந்தனர். மாநகர அடுக்குமாடிகளில் பகற்பொழுதைக் கழிக்கும் நம் வீட்டுப் பெரியோரைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் சாஸ்ஸி பாழாய்க் கிடந்தது. 1964இல் இயக்குநர் பசோலினி, மத்தேயு நற்செய்தியைப் படமாக்க, பழைய எருசலேமாக இவ்வெற்றூரையே தேர்ந்தார். வறுமை விட்டுச் சென்ற வடுக்களே படத்துக்குக் காட்சியாயின. அவ்வாண்டுகளில் இடித்துத் தள்ளிவிடலாம் என்று பேசியோரும் உண்டு. 1959இல் உள்ளூர் இளைஞர்கள் தொடங்கிய லா ஸ்கலேத்தா என்னும் கழகம் அப்பேச்சை எதிர்த்துக் கோயில்களையும் குகைகளையும் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தது. ஆட்டுப்பட்டியிலிருந்து ஓவியங்களை மீட்டோரும் அவர்களே. 1986இல் சீரமைப்புக்கென மற்றொரு சட்டம் வந்தது. காலி செய்வதற்கு 1952இல் ஒரு சட்டம், குடிபுகுவதற்கு 1986இல் ஒரு சட்டம்! 1993இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்னும் பட்டமும் சேர்ந்தது.

இன்று குகைகளுட் பல விடுதிகளாயும் உணவகங்களாயும் மாறியுள்ளன. அரசுக்கு உரிமையான குகைகளை நகராட்சி நீண்ட காலக் குத்தகைக்கு விடுகின்றது. வறுமையின் அடையாளமாய் இருந்த பாறைச் சுவர், இன்று ஓர் இரவுக்குப் பெரும்பொருள் கொடுப்போர்க்கு மட்டுமே உரிய சுகம். பழங்குடிகளுள் பெரும்பாலோர் புதிய குடியிருப்புகளிலேயே வேரூன்றிவிட்டனர். விடுதியின் மெல்லிய விளக்கொளியில் அமர்ந்து அவ்விடத்தின் பழமையை நுகர்வோரில் எத்துணைப் பேர், அதே மூலையில் ஒரு கழுதை நின்றதை அறிவர்? இவ்வகையில், வீக்கோ சோலித்தாரியோ சந்தில் பழைய தட்டுமுட்டுப் பொருள்களோடு காட்சியகமாய்க் காக்கப்படும் குகை வீட்டையே முதலில் காணுமாறு வற்புறுத்துவோம்.

செல்ல விரும்புவோர் பாரி நகரிலிருந்து குறுகிய இருப்புப்பாதையில் செல்லும் சிறு வண்டியில் ஏறினால் போதும். சூலை 2ஆம் நாள் நிகழும் புரூனா அன்னையின் திருவிழாவில் காகிதக் கூழால் அழகுறச் சமைத்த தேர் வலம் வரும். அந்திப் பொழுதில் மக்கள் பாய்ந்து அத்தேரைப் பிய்த்தெடுப்பர். கிடைத்த துண்டு வீட்டுக்கு நலம் தரும் என்பது நம்பிக்கை. அடுத்த ஆண்டு மீண்டும் புதிய தேர். நம் தேரை இவ்வாறு பிய்த்தால் என்னவாகும் என்று எண்ணிச் சிரிப்பு வரினும், ஓராண்டு உழைப்பை ஒரு நொடியில் ஊரே பங்கிட்டுக் கொள்ளும் அவ்விழாவைக் காணவேண்டும் என்னும் ஆசையும் கூடவே எழுகின்றது.

லன்பிராங்கி மாளிகையில் கார்லோ லெவி 1961இல் தீட்டிய பேரோவியம் உள்ளது. பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளும் அத்திரையில், இம்மண்ணின் உழவரும் கறுப்பாடை அணிந்த தாய்மாரும் வரிசையாய் நிற்கின்றனர். அதனைக் கண்டு வெளியே வந்தால், கடைகளில் ரொட்டி முத்திரைகள் நினைவுப் பொருள்களாய் அடுக்கப்பட்டிருக்கும். முரட்டுக் கோதுமையில் சுட்ட பெரிய ரொட்டியும் அருகிலேயே கிடைக்கும். பல நாள் கெடாது, வழிப்பயணத்துக்கு ஏற்றது.