மெட்ராஸ் ஐ.ஐ.டி.யின் பழைய கணினியும் டி.எம்.ஏ. பஃபரும்

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் தொடங்கிய மெட்ராஸ் ஐ.ஐ.டி.க்கு, 1973-ல் ஐ.பி.எம். 370/155 கணினி வந்து சேர்ந்தது. துளையட்டைக் கட்டைக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும் வரை காத்திருக்க வேண்டிய காலம் அது. அட்டை படிக்கும் கருவியும் பிரிண்டரும் ஆமை வேகம். ஒவ்வொரு பைட்டையும் செயலியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் கணக்குப் போட நேரம் ஏது?

அதற்குத்தான் 'சேனல்'. எந்த முகவரியில் தொடங்கி எத்தனை பைட், படிப்பதா எழுதுவதா என்று ஒரு கட்டளைப் பட்டியலை நினைவகத்தில் எழுதிவிட்டு, செயலி தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். சேனல் முடித்துவிட்டு இன்டரப்ட் கொடுக்கும். சின்னக் கணினிகளில் இதன் தம்பிதான் டி.எம்.ஏ., அதாவது செயலியின் கை படாமல் கருவியே நினைவகத்தைத் தொடுவது. அதற்கென ஒதுக்கிய இடம் பஃபர்.

அச்சங்குளம், சாத்தூர் பக்கம் வீட்டில் வைத்துத் தீப்பெட்டி ஒட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு வீட்டில் இருக்கும்போது கம்பெனிக்காரர் பாதியில் கை வைக்கக்கூடாது. திரும்பி வந்ததும் கணக்கு நோட்டைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் நோட்டில் இருப்பது பழைய கணக்கு. செயலியின் கேஷ் அந்த நோட்டு மாதிரி. கருவி புதிய தகவலை நினைவகத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கும், கேஷ் பழையதையே காட்டும். டிரைவர் எழுதுகிறவர் இதை மறந்தால் எந்த எச்சரிக்கையும் வராது. வன்தட்டில் கோப்பு கெட்டிருப்பது என்றைக்கோ தெரியவரும்.

370-ல் இரண்டு நல்ல ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, நினைவகத்தின் ஒவ்வொரு 2 கே.பி. துண்டுக்கும் 4 பிட் பூட்டு. சேனலும் தன் சாவியோடுதான் வர வேண்டும், சாவி பொருந்தாவிட்டால் எழுத முடியாது. இரண்டு, 1972-ல் இந்த வரிசைக்கு மெய்நிகர் நினைவகம் அறிவிக்கப்பட்டபோது வந்தது. நிரலுக்கு அடுத்தடுத்துத் தெரியும் பக்கங்கள் உண்மையில் சிதறிக் கிடக்கும், சேனலுக்கோ உண்மை முகவரி மட்டுமே புரியும். எனவே அந்தப் பக்கங்கள் இடம் மாறாதபடி இயங்குதளம் பிடித்து வைத்து, துண்டுகளின் முகவரிப் பட்டியலைச் சேனலிடம் கொடுத்தது.

1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யில் இரண்டுமே இல்லை! இன்டெல் 8237 என்ற டி.எம்.ஏ. சிப்பின் முகவரி 16 பிட்தான். பஃபர் 64 கே.பி. எல்லையைத் தாண்டினால், அடுத்த பகுதிக்குப் போகாமல் அதே பகுதியின் தொடக்கத்துக்குத் திரும்பி, அங்கே இருந்ததை அழித்துவிடும். 1984-ன் ஏ.டி.யில் டி.எம்.ஏ. எட்டக்கூடிய நினைவகம் முதல் 16 எம்.பி. மட்டுமே. லினக்ஸ் அந்த முதல் 16 எம்.பி.யைத் தனி மண்டலமாக ஒதுக்கி வைத்தது இதனால்தான். பஃபர் அதற்கு மேலே இருந்தால், கீழே ஒரு தற்காலிக பஃபரில் வாங்கி, மேலே நகலெடுக்க வேண்டும். இரட்டை வேலைதான், வேறு வழியில்லை.

பி.சி.ஐ. வந்த பிறகு கார்டுகளே நேராக நினைவகத்தைத் தொட்டன. ஒவ்வொரு டிரைவரும் தன் இஷ்டத்துக்கு முகவரி கணக்கிட்டது மற்ற கட்டமைப்புகளில் செல்லவில்லை. 2001-ல் வெளியான லினக்ஸ் 2.4-ல் இதற்குப் பொது விதி இருந்தது: பஃபரை 'மேப்' செய்து கருவியிடம் ஒப்படை, முடிந்ததும் 'அன்மேப்' செய்து திரும்ப வாங்கு. கேஷைச் சரிசெய்வதும் இதிலேயே அடக்கம்.

பூட்டு இல்லாத குறை அப்படியே இருந்தது. ஃபயர்வயரில் செருகிய ஐபாட் ஒன்றே கணினியின் நினைவகம் முழுவதையும் படிக்க முடியும் என்று 2004-ல் செய்து காட்டினார்கள். கருவிக்கும் நினைவகத்துக்கும் இடையே காவல் நிற்கும் ஐ.ஓ.எம்.எம்.யூ., இன்டெல் பி.சி.க்களுக்கு லினக்ஸில் 2008 வாக்கில்தான் வந்தது. சென்னையில் 1973-லேயே ஓடிய கணினியில் இருந்த காவலை, பி.சி. உலகம் இத்தனை தாமதமாகத் திரும்பப் பெற்றது வேடிக்கைதான்.

அதே ஐ.ஐ.டி. வளாகத்தில் உருவான சக்தி செயலி 2018-ல் சிப்பாக வந்து லினக்ஸை ஓட்டியது. அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பில், டி.எம்.ஏ.வுக்காகக் கேஷைச் சுத்தம் செய்யும் பொதுக் கட்டளைகள் 2021-ல்தான் உறுதியாயின. லினக்ஸ் அவற்றைக் கற்றுக்கொண்டது 2022-ல்.