இலாபம் யார் கொப்பியில்?

கல்குடாவிலிருந்து வாழைச்சேனை நோக்கிச் செல்லும் வீதியோரக் கடைகளுக்கு விடியற்காலையிலேயே இடியப்பமும் பிட்டும் வந்து சேர்ந்துவிடும். அவித்துக் கொடுப்பவர்கள் அயலிலுள்ள பெண்கள். கடைக்காரரிடம் ஒரு கொப்பி இருக்கும். எத்தனை வந்தது, எவ்வளவு கொடுபட வேண்டும் என்பது அதில் பதிவாகும். அவித்தவளிடம் கொப்பி இருப்பது அரிது. மாவும் தேங்காயும் வீட்டுச் செலவோடு கலந்துவிடும். கைக்கு வந்த காசு பிள்ளையின் ரியூசனுக்கோ கணவரின் வலைக்கோ போய்விடும். "என்ன இலாபம் அக்கா?" என்று கேட்டால், "ஏதோ ஓடுது" என்பதுதான் விடை.

இந்த விடைக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு.

இலங்கையில் பெண்ணின் உழைப்புக்குச் சட்டம் விலை குறித்த கதை மலையகத்தில் தொடங்குகிறது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் வேண்டும் என்றது. அதன்படி 1929இல் உயர்நிலத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம். தேயிலைக் கொழுந்தைப் பறித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆனால் ஆணின் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கே அவர்களுக்குரியது என அரசாங்கமே அச்சிட்டு அறிவித்தது. 1941இல் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் வந்த பின்னரும் வேறுபாடு நீடித்தது. தோட்டங்களில் ஆண், பெண் சம்பளம் சமமானது 1984இலேதான். சம வேலைக்குச் சம ஊதியம் பற்றிய சர்வதேச தொழில் தாபனத்தின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்று உறுதிசெய்தது.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. என்றாலும் அங்கே போராடுவதற்கு ஒரு பிடி இருந்தது. சம்பளப் பட்டியலில் 54உம் 43உம் அருகருகே எழுதப்பட்டிருந்தன. தொழிற்சங்கத்தால் அவற்றைச் சுட்டிக்காட்ட முடிந்தது. தானே தொழில் செய்யும் பெண்ணுக்குச் சம்பளச் சபையும் இல்லை, பட்டியலும் இல்லை. அவளுக்கு இழைக்கப்படும் அநீதியை எந்தக் கணக்கில் தேடுவது?

இந்தக் கேள்விக்கு எதிர்பாராத விதத்தில் வெளிச்சம் தந்தது நம் நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு. பேராதனைப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் சுரேஷ் டி மெல், உலக வங்கியின் டேவிட் மெக்கன்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகிய மூவரும் 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் அதைத் தொடங்கினர். நிலமும் கட்டடமும் நீங்கலாக ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத முதலுள்ள, கூலிக்கு ஆள் வைக்காத சிறு தொழில்களைத் தெரிந்தெடுத்து, குலுக்கல் முறையில் சிலருக்கு 10,000 அல்லது 20,000 ரூபா பெறுமதியான உதவியைக் கடனாக அன்றி இலவசமாகவே கொடுத்தனர்.

2008இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. அந்தப் பணம் ஈட்டிக்கொடுத்த வருவாய் மாதத்துக்குச் சராசரியாக ஏறக்குறைய 5 வீதம். சந்தை வட்டியைவிட மிக அதிகம். ஆனால் ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தபோது, பெண்களின் தொழிலில் இலாபம் உயரவேயில்லை. திறமைக் குறைவோ துணிவுக் குறைவோ காரணமல்ல என்றும் அவர்கள் கண்டனர். பிறகு எங்கே போனது பணம்?

கணக்கு எழுதுவதையும் அவர்கள் சோதித்தனர். சில தொழில்களுக்குக் கணக்குக் கொப்பி கொடுத்துப் பார்த்தனர். உதவியாளர்களை நாளின் பல வேளைகளில் அனுப்பிக் கவனித்தனர். உரிமையாளர்கள் தமது விற்பனையைச் சுமார் 30 வீதம் குறைத்தே சொல்கிறார்கள் என்பது 2009இல் வந்த அவர்களது கட்டுரையின் முடிவு. ஒவ்வொரு வரவையும் செலவையும் துருவுவதைவிட, இலாபம் எவ்வளவு என்று நேரே கேட்பதே திருத்தமான விடை தரும் என்றும் அவர்கள் எழுதினர். எனினும் ஒரு தொழிலின் கணக்கை எவ்வளவு திருத்தமாக எடுத்தாலும், பணம் அந்தத் தொழிலை விட்டு வெளியேறிவிட்டால் அது கொப்பியில் தெரியாது.

விடை 2019இல் கிடைத்தது. ரோகிணி பாண்டே, எரிகா ஃபீல்ட் உள்ளிட்ட நால்வர் இலங்கை, இந்தியா, கானா நாடுகளின் தரவுகளை மறுபடி ஆராய்ந்தனர். பெண்ணுக்குக் கொடுத்த முதல் கணவனின் தொழிலுக்குப் போயிருந்தது. வீட்டில் தொழில் செய்பவள் அவள் ஒருத்தியே என்றால், அவளது இலாபம் நன்றாகவே உயர்ந்திருந்தது. குடும்பத்தை முழுதாக எடுத்துக்கொண்டால், பணம் ஆணிடம் கொடுக்கப்பட்டதா பெண்ணிடம் கொடுக்கப்பட்டதா என்பதால் வருமான உயர்வில் வேறுபாடு இல்லை. பெண்ணுக்குக் கொடுத்த பணம் வீணாகவில்லை. அதன் இலாபம் வேறொரு கொப்பியில் எழுதப்பட்டிருந்தது.

மட்டக்களப்புப் பகுதிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். இங்கே தாய்வழிக் குடி மரபு வலுவானது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு மகளுக்கே சீதனமாகச் சேரும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவார். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய செய்தி இது. ஆனால் 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கிக் கல்குடாக் கரையையும் அழித்த பின்னர் வந்த வீட்டுத் திட்டங்களில், 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில் ஆணின் பெயரே எழுதப்படுகிறது என்று கிழக்கின் பெண்கள் அமைப்புகள் குரல் எழுப்ப நேர்ந்தது. பெண்ணின் சொத்து ஒரு படிவத்தால் ஆணின் கணக்குக்கு மாறக்கூடியதாயிற்று.

2009இல் போர் முடிந்தபின் நுண்கடன் கொம்பனிகள் கிழக்கில் பெருகின. அவற்றின் படிவங்களிலோ நேர்மாறாகப் பெண்ணின் பெயர். கடன் அவளுக்கு, வாராவாரம் வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பவருக்கு முகம் கொடுப்பவளும் அவளே. இயந்திரமோ படகோ வலையோ வாங்கியது கணவன் என்றால், இலாபம் அவனது கணக்கில். 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களில் நிலுவையானவற்றைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வர வேண்டியதாயிற்று. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லவ்ஸ்கியும் பெண்கள் மீதான நுண்கடன் சுமை குறித்துக் கவலை தெரிவித்தார்.

கல்குடாவிலிருந்து சற்றுத் தொலைவில், வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வர்த்தக முகாமைத்துவ பீடம் இருக்கிறது. சிறு தொழில் பற்றி ஆராயப் புறப்படும் மாணவர் எவரும் கடைக்காரரின் கொப்பியோடு நின்றுவிடாமல், இடியப்பம் அவித்தவளின் அடுப்படிக்கும் போக வேண்டும். அவளுடைய கடன் எவ்வளவு, அதில் வாங்கிய பொருள் இப்போது யாரிடம், அதன் வருமானம் யார் கையில் என்று மூன்று கேள்விகளையாவது கேட்க வேண்டும். 'ஏதோ ஓடுது' என்ற விடை, அந்தக் கேள்விகளை அவளிடம் இதுவரை யாரும் கேட்காததால் வந்த விடை.